கோதுமை நாட்டில் ஆறு நாள்: கான்சாஸின் சிறு விமான நிலையங்கள் வழியே

ஜூன் 2, 2025, திங்கள்: டென்வரிலிருந்து ஹேஸ்

அமெரிக்காவின் டென்வர் நகரில் மாலை நான்கு மணி வரை வெயில் சுள்ளென்று அடித்தது. நாலரைக்கு ராக்கி மலைகளின் மேல் ஒரு கருமேகம் திரண்டது. ஐந்து மணிக்குள் இடியும் மின்னலுமாக விமான நிலையத்தைச் சூழ்ந்துகொண்டது. மின்னல் அருகில் இருக்கும் வரை தரை ஊழியர்களை வெளியே நிற்க விடமாட்டார்கள். எரிபொருள் நிரப்பவோ பெட்டி ஏற்றவோ ஆள் இல்லாததால், கான்சாஸ் மாநிலத்தின் ஹேஸ் என்னும் ஊருக்குச் செல்ல வேண்டிய 50 இருக்கை விமானம் கண்ணாடிக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றது. நாங்கள் முப்பத்து நான்கு பேர் உள்ளே காத்திருந்தோம்.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைக் கடந்த ஒரு விவசாயியும் அவர் மனைவியும் அமர்ந்திருந்தார்கள். மனைவியின் கண் சிகிச்சைக்காக டென்வர் வந்து திரும்புகிறவர்கள். அவர் கைபேசியில் மழை ரேடார் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் எப்போது கிளம்பும் என்று பார்க்கிறார் என நினைத்து நானும் எட்டிப் பார்த்தேன். அவர் பார்த்தது அதை அல்ல. அந்த மேகம் கிழக்கே நகர்ந்து ஆலங்கட்டியாக மாறுமா என்பதே அவருடைய கவலை. அறுவடைக்கு இன்னும் இரண்டு வாரம்தான், முற்றிய கதிரில் ஆலங்கட்டி விழுந்தால் ஓராண்டு உழைப்பு பதினைந்து நிமிடத்தில் போய்விடும் என்று அமைதியாகச் சொன்னார். பிறகு பையைத் திறந்து வறுத்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை எடுத்து, முதலில் எனக்கு நீட்டிவிட்டுத்தான் மனைவிக்குக் கொடுத்தார்.

இரண்டே முக்கால் மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு கிளம்பினோம். இந்த வகைச் சிறு ஜெட்டில் இருக்கைக்கு மேலுள்ள அறையில் கைப்பெட்டி நுழையாது; ஏணியடியில் கொடுத்துவிட்டு, இறங்கியதும் அங்கேயே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கான்சாஸின் பெரும்பகுதியில் டென்வரைவிட ஒரு மணி நேரம் கூடுதல் என்பதால், ஒரு மணி நேரம் பறந்து இறங்கியபோது கடிகாரம் இரவு பத்தேகாலைக் காட்டியது.

ஹேஸ் முனையம் ஒரே ஒரு கூடம். வெளியே ஒளிரும் கோல்களை வீசி விமானத்தை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்த பெண்மணியே, இரண்டு நிமிடத்தில் சிறு டிராக்டரை ஓட்டிவந்து பெட்டிகளை இறக்கினார். அதே பெண்மணி உள்ளே வந்து கவுன்ட்டரின் பின்னால் நின்று, ஒரு முதியவரின் நாளைய பயணச்சீட்டைச் சரிபார்த்துக் கொடுத்தார். எட்டேகாலுக்கு முடிய வேண்டிய வேலை அவருக்குப் பதினொரு மணி வரை நீண்டிருந்தது. முகத்தில் அயர்ச்சி தெரிந்தது, குரலில் தெரியவில்லை. வாடகைக் கார் மேசையில் விளக்கு அணைந்திருந்தது. அக்கா மகள் வராமல் இருந்திருந்தால் அந்த இரவில் என் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

"சித்தி, பெட்டியை விட்டுடாதீங்க, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. காத்து உருட்டிட்டுப் போயிடும்" என்று வாசலிலேயே எச்சரித்தாள். அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது கதவைத் திறந்ததும் தெரிந்தது.

ஜூன் 3, செவ்வாய்: ஹேஸ்

அக்கா மகள் மருத்துவர். வெளிநாட்டில் படித்து இங்கே பயிற்சி முடித்தவர்கள், மருத்துவர் தட்டுப்பாடு உள்ள ஊர் ஒன்றில் மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தால் நாட்டைவிட்டுத் திரும்பிப்போக வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது; அப்படித்தான் அவள் ஏறக்குறைய 21,000 பேர் வாழும் இந்த ஊருக்கு வந்தாள். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பு அவள் முதலில் பார்த்தது சம்பளத்தை அல்ல, ஊரில் விமான நிலையம் இருக்கிறதா என்பதைத்தான். டென்வருக்கு நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம், மாநிலத்தின் பெரிய நகரமான விச்சிட்டாவுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அம்மாவுக்கு ஒன்று என்றால் மறுநாளே புறப்பட முடியுமா என்ற கேள்விக்கு விடை சொன்னது இந்த ஒற்றைக் கூடம்தான்.

காலையில் செங்கல் பாவிய பழைய கடைவீதிக்கு நடந்தேன். ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மானியர்களின் உணவு பீரோக் என்பது. முட்டைக்கோசும் வெங்காயமும் அரைத்த மாட்டிறைச்சியும் வைத்து மூடிச் சுட்ட ரொட்டி. மாட்டிறைச்சி எனக்குப் பழக்கமில்லை என்றதும் அடுமனைப் பெண்மணி, நாளை ஏழு மணிக்கு வாருங்கள், முட்டைக்கோசு மட்டும் வைத்து இரண்டு சுட்டுத் தருகிறேன் என்றார். இரண்டே ரொட்டிக்காகத் தனியாகப் பூரணம் செய்ய வேண்டுமே என்று நான் தயங்கினேன். எப்படியும் அடுப்பு எரியத்தான் போகிறது என்று முடித்துவிட்டார். காபி இரண்டேகால் டாலர், எத்தனை முறை நிரப்பினாலும்.

மதியம் மீண்டும் விமான நிலையத்துக்குப் போனேன். இருபத்தாறு ஆண்டுகள் நகரத் திட்டமிடல் துறையில் இருந்தவள் நான். கட்டடத்தைப் பார்த்தால் அது எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நகர முடியாது. சுமார் 1,980 மீட்டர் நீள ஓடுபாதை, கார் நிறுத்தக் கட்டணம் கிடையாது, பாதுகாப்புச் சோதனை விமான நேரத்தை ஒட்டி மட்டும் திறக்கும். இதைத் தாங்கிப் பிடித்திருப்பது மத்திய அரசின் ஒரு மானியம். 1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணத்தையும் வழித்தடங்களையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோது, நிறுவனங்கள் லாபமுள்ள பெருநகரங்களுக்கு ஓடிவிட்டால் சிற்றூர்கள் அநாதையாகிவிடும் என்று அஞ்சிய நாடாளுமன்றம், அத்தியாவசிய விமான சேவை என்ற திட்டத்தை அதே சட்டத்தில் சேர்த்தது. நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளி கேட்பார்கள். ஊராரின் விருப்பத்தையும் கேட்பார்கள். தேர்வான நிறுவனத்துக்கு, ஓடி முடித்த ஒவ்வொரு நடைக்கும் பணம். ஓடாத நடைக்குப் பணம் இல்லை. இந்த மானியத்துக்கான நிதியில் ஒரு பகுதி, அமெரிக்காவில் இறங்காமல் அதன் வான்வெளியைக் கடந்து மட்டும் செல்லும் விமானங்களிடம் வசூலிக்கும் கட்டணத்திலிருந்து வருகிறது. தலைக்கு மேல் பறந்துபோகிறவர்கள் செலுத்தும் காசில் கோதுமை ஊர் ஒன்றுக்கு விமானம் இறங்குவதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆண்டுக்கு 10,000 பேர் ஏறினார்கள் என்றால் அந்த விமான நிலையத்துக்குக் கட்டுமான மானியமாகக் குறைந்தது 10 லட்சம் டாலர் கிடைக்கும். எட்டாவிட்டால் அதைவிட மிகக் குறைவுதான். ஓடுபாதை ஓரத்துப் பனி வாரும் வண்டி முதல் புதிய கூரை வரை இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. டிசம்பர் வந்தால் தன் மருத்துவமனையில் செவிலியர்கூட இந்த எண்ணைப் பற்றிப் பேசுவார்கள் என்றாள் அக்கா மகள். விச்சிட்டாவரை காரில் போனால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் சீட்டை விட்டுவிட்டு, ஊர்க் கணக்கில் ஒன்று கூடட்டும் என்று இங்கேயே ஏறுகிறவர்கள் இருக்கிறார்களாம்.

நான் பிறந்தது ஓமலூர்ப் பக்கம். எங்கள் சேலம் விமான நிலையத்துக்கு உடான் திட்டத்தில் 2018-ல் சென்னை விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. உடானும் இதே வகை மானியம்தான். ஓடுபாதையும் கட்டடமும் அத்தனை ஆண்டுகளும் அங்கேயேதான் இருந்தன. நாளைக்கு விமானம் வருமா என்ற உறுதிதான் இல்லை. அந்த நினைப்போடுதான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன்.

ஹேஸும் அந்த அச்சத்தை அனுபவித்திருக்கிறது. 2022 மார்ச்சில், இங்கே பறந்துகொண்டிருந்த நிறுவனம், விமானிகள் போதவில்லை என்று சொல்லி நாடு முழுவதும் 29 ஊர்களுக்கான சேவையை நிறுத்தப்போவதாக அறிவிப்புக் கொடுத்தது. ஹேஸும், கிழக்கே உள்ள சலைனா என்ற ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தன. மாற்று ஏற்பாடு கிடைக்கும் வரை விலகக் கூடாது என்று மத்தியப் போக்குவரத்துத் துறை கட்டளையிட்டதால் விமானங்கள் நிற்கவில்லை. மானியம் பணத்தைக் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு ஊருக்கு மூச்சுவிட அவகாசமும் கொடுக்கும் என்பதை இங்கேதான் கண்டேன்.

ஜூன் 4, புதன்: ஹேஸிலிருந்து சலைனா

ஏழு மணிக்கு அடுமனை வாசலில் நின்றேன். காகிதப் பையில் இரண்டு பீரோக், இன்னும் சூடாக. மிளகு தூக்கலாகப் போட்டிருந்தார். நம்மூர் ஆளுக்கு இது வேண்டியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ. பத்து டாலர். கூடுதலாக வைத்த இரண்டு டாலரைத் திருப்பித் தந்துவிட்டார்.

வாடகைக் காரில் கிழக்கே கிளம்பினேன். சலைனா 155 கிலோமீட்டர். பெருநெடுஞ்சாலையை விட்டு ஊர்ச் சாலைக்கு இறங்கினால், எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துகிறார். முதல் ஐந்து பேரை யாரோ தெரிந்தவர் என்று என்னை நினைத்துவிட்டார்கள் போலும் என்று கடந்தேன். ஆறாவது ஆளுக்கு நானும் விரலை உயர்த்தினேன்.

வழியில் ஒரு சிற்றூரின் விமானத் தளத்தில் நிறுத்தினேன். பயணிகள் விமானமே வராத இடம். ஒரு ஓடுபாதை, ஒரு கொட்டகை, காற்றில் விறைத்து நிற்கும் ஒரு காற்றுப்பை. பூட்டாத சிறு அறை. உள்ளே காபிப் பாத்திரம், பக்கத்தில் காசு போட ஒரு தகரடப்பா; சுவரில் ஒரு காரின் சாவி. அந்தக் கார், இறங்கும் விமானி ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வருவதற்காக ஊரார் வைத்தது. திரும்பும்போது பெட்ரோல் போட்டு வைத்தால் போதும். யாரும் இல்லாத அறையில் நானும் ஒரு காபி ஊற்றிக்கொண்டு ஒரு டாலர் போட்டேன்.

கான்சாஸில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட தளங்கள் உள்ளன. மாநிலப் போக்குவரத்துத் துறை இவற்றுக்கென ஒரு மேம்பாட்டு நிதியை 1999 முதல் நடத்திவருகிறது. பயணச்சீட்டு விற்காத இடத்துக்கு எதற்குப் பணம் என்று கேட்பவருக்கு அக்கா மகளின் பதில் ஒன்றுதான்: ஆம்புலன்ஸ் விமானம். அறுபது எழுபது மைல் தொலைவில் உள்ள ஊரில் நள்ளிரவில் மாரடைப்பு என்றால் சாலை வழி ஒரு கணக்கு, வான் வழி இன்னொரு கணக்கு. ஓடுபாதை மட்டும் இருந்தால் போதாது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு கம்பத்தில் சுழலும் கிண்ணங்களும் வெள்ளைப் பெட்டிகளும் பொருத்திய தானியங்கி வானிலைக் கருவி இருந்தது. காற்றின் வேகம், மேகத்தின் உயரம், பார்வைத் தூரம் ஆகியவற்றை இடைவிடாமல் வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் தகவல் இல்லாத இடத்தில், மேகம் தாழ்ந்த இரவில், கருவிகளை நம்பி இறங்க வாடகை விமானிகளுக்கும் ஆம்புலன்ஸ் விமானிகளுக்கும் விதி பொதுவாக இடம் கொடுப்பதில்லை. புதிய முனையத்தைத் திறந்துவைக்க அமைச்சர்கள் வருவார்கள். இந்தக் கம்பத்துக்கு நாடா வெட்ட யாரும் வரமாட்டார்கள். உயிர் காப்பதில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

சலைனாவின் ஓடுபாதை 12,300 அடி, அதாவது ஏறத்தாழ 3,750 மீட்டர். ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு இவ்வளவு நீளம் ஏன் என்றால், இது குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கட்டிய ராணுவத் தளம். 1965-ல் விமானப்படை வெளியேறியபோது ஊரின் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. ஊரார் ஒரு விமான நிலைய ஆணையத்தை அமைத்து, நிலத்தையும் கொட்டகைகளையும் தம் பொறுப்பில் எடுத்து, தொழில்களுக்கும் கல்லூரிக்கும் வாடகைக்கு விட்டார்கள். 2005-ல் ஸ்டீவ் ஃபாசெட் தனியொருவராக, எங்கும் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல் 67 மணி நேரத்தில் உலகைச் சுற்றிவந்தது இந்த ஓடுபாதையில் கிளம்பி இதிலேயே இறங்கித்தான்.

அந்தக் கல்லூரி, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விமானவியல் வளாகம். அதன் உணவகத்தில் ஒரு மாணவருடன் பேச்சுக் கொடுத்தேன். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரருகே ஒரு சிறு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு சட்டம் இறுகியது. 2013 முதல், பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இவரைப்போல் அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு 1,000 மணி. படிப்பு முடியும்போது முந்நூறு மணி தேறினால் பெரிது. மீதியைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தும் வயல்களுக்கு மேல் பறந்தும் சேர்க்க வேண்டும். இறந்தவர்களின் குடும்பங்கள் போராடிப் பெற்ற இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சிக் கடனைக் குறைப்பதுதான் சரியான வழி என்று அந்த இளைஞர் சொன்னது எனக்கும் சரியாகப்பட்டது.

அவருடைய தோழர் மெக்கானிக் படிப்பில் இருப்பவர். அவர் சொன்னதைத்தான் இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சிற்றூரில் நிற்கும் விமானத்தில் ஒரு சிறு உதிரிப்பாகம் பழுதானாலும், அதைத் தொட உரிமம் பெற்றவர் டென்வரிலிருந்து வர வேண்டியிருக்கும். வரும்வரை எல்லாம் நின்றுவிடும். பயிற்சி பெற்ற ஒரு மெக்கானிக் அந்த ஊரிலேயே குடியிருந்தால், ரத்தாகும் விமானம் ஒரு மணி நேரத் தாமதத்தோடு போய்விடும்.

இரவு விடுதி 89 டாலர். ஊரின் நூறாண்டுப் பழமையான சிறு பர்கர் கடையின் வெங்காய வாசம் தெருமுனைவரை இழுத்தது. நான் மிளகாய்–பீன்ஸ் குழம்பும் அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியும் சாப்பிட்டேன். பள்ளிக்கூட மதிய உணவில் தொடங்கிய சேர்க்கையாம், இங்கே எல்லோரும் விரும்புகிறார்கள். முதல் வாயில் விநோதம், மூன்றாவது வாயில் பழகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்: அபிலீன், மன்ஹாட்டன், டொபீக்கா

வழியில் அபிலீன் வந்தது, அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் வளர்ந்த ஊர். அவருடைய சிறு வெள்ளை வீட்டின் முன் நின்றபோது, அவர் கையெழுத்திட்ட இரண்டு சட்டங்கள்தான் நான் இந்த வாரம் முழுக்கப் பார்த்துவரும் நிலையை உருவாக்கின என்று தோன்றியது. 1956-ல் நாட்டையே இணைக்கும் பெருநெடுஞ்சாலைச் சட்டம். 1958-ல் விமானப் போக்குவரத்துக்கென மத்திய நிர்வாகத்தை அமைத்த சட்டம். முதலாவதன் கீழ் முடிந்த முதல் சாலைத் துண்டு எங்கள் மாநிலத்தில்தான், டொபீக்காவுக்கு மேற்கே என்று கான்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே சாலை டொபீக்கா விமான நிலையத்துக்கு என்ன செய்தது என்பதை மாலையில் கண்டேன்.

அதற்குமுன் மன்ஹாட்டன். நியூயார்க் மன்ஹாட்டன் அல்ல, பல்கலைக்கழக ஊர். பக்கத்தில் ஃபோர்ட் ரைலி ராணுவ முகாம். முன்பு மானியத்தில் சிறு விமானங்கள் வந்துபோன ஊர். 2009-ல் டல்லஸுக்கு ஜெட் சேவை கிடைத்தது, பிறகு சிகாகோவுக்கும். மானியம் தேவையில்லாமல் போயிற்று. முனையமும் பின்னர் விரிந்தது. மாணவர்கள், சிப்பாய்கள், ஆராய்ச்சியாளர்கள் என ஆண்டு முழுதும் ஆள் கிடைக்கும் ஊர் என்பதால் இது முடிந்தது. பாதுகாப்புச் சோதனை வரிசையில் சீருடையில் இருந்த ஓர் இளம் தந்தை, தூங்கும் கைக்குழந்தையை எழுப்பாமல் ஷூவைக் கழற்ற முயன்று திணறினார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற மூதாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் குனிந்து அவருடைய நாடாக்களை அவிழ்த்துவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; அவ்வளவு இயல்பாக நடந்தது.

டொபீக்கா கான்சாஸின் தலைநகர். இதன் ஓடுபாதை சலைனாவைவிட நீளம், 12,800 அடி. ஆனால் ஒரு மாநிலத்தின் தலைநகருக்கு அட்டவணைப்படி வரும் பயணிகள் விமானம் ஒன்றுகூட இல்லை. 2014 ஜனவரியில் சிகாகோவுக்கு ஒரு சேவை தொடங்கியது, ஊரே கொண்டாடியது, அதே ஆண்டு செப்டம்பரில் நின்றுவிட்டது. கான்சாஸ் நகரப் பெருவிமான நிலையம் இங்கிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். நல்ல சாலை, அதிக விமானங்கள், மலிவான சீட்டு. பயணிகள் அங்கே போய்விடுகிறார்கள். முனையக் கதவருகே நின்று பார்த்தேன்: வெட்டிப் பராமரித்த புல், துடைத்த கண்ணாடி, ஆளில்லாத வாகன நிறுத்தம். தொலைவில் தேசியக் காவல் படையின் எரிபொருள் நிரப்பும் விமானங்கள் வரிசையாக நின்றன.

ஹேஸைக் காப்பாற்றுவது தூரம், டொபீக்காவைக் கைவிட்டது அருகாமை. 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் நாடெங்கும் விமானத் துறைக்கு 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 1,500 கோடி ஓடுபாதை போன்ற பணிகளுக்கு, 500 கோடி முனையங்களுக்கு, 500 கோடி வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வசதிகளுக்கு. தேவையான பணம்தான். ஆனால் டொபீக்காவின் ஓடுபாதையில் நின்றவர் எவரும், கான்கிரீட் போட்டால் விமானம் வந்துவிடும் என்று இனி நம்பமாட்டார். இங்கே இன்னொரு முனையம் கட்டுவதைவிட, கான்சாஸ் நகர விமான நிலையத்துக்கு நம்பகமான பேருந்து ஒன்றை மணிக்கொருமுறை விடுவதே டொபீக்கா மக்களுக்குச் செய்யும் உண்மையான விமான சேவை என்று என் தொழில்முறைக் கருத்தாகவே சொல்வேன்.

மழை பிடித்துக்கொண்டது. கட்டணச் சாலையில் விச்சிட்டாவரை 225 கிலோமீட்டர், வழி நெடுகப் புல்வெளிக் குன்றுகள். சாலை தெரியாத அளவுக்குக் கொட்டியதால் ஒரு மேம்பாலத்தடியில் ஒதுங்கினேன். பின்னால் வந்த லாரிக்காரர் நனைந்துகொண்டே வந்து கண்ணாடியைத் தட்டி, இங்கே நிற்காதீர்கள், பின்னால் வருகிறவனுக்கு உங்களைத் தெரியாது, இரண்டு மைலில் இளைப்பாறும் இடம் இருக்கிறது, என் விளக்கைப் பார்த்துக்கொண்டே வாருங்கள் என்றார். அப்படியே போனேன்.

ஜூன் 6, வெள்ளி: விச்சிட்டா

விமானங்கள் பிறக்கும் ஊர் இது. 1925-ல் கிளைட் செஸ்னா, வால்டர் பீச், லாயிட் ஸ்டியர்மன் மூவரும் சேர்ந்து இங்கே ஒரு விமான நிறுவனம் தொடங்கினார்கள். பிறகு பிரிந்து தனித்தனியே தொழிற்சாலை வைத்தார்கள். இவ்வளவு விமானம் கட்டிய ஊர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியூர் போகும் சீட்டின் விலையைக் கண்டு மலைத்துக் கிடந்தது. போட்டியே இல்லை. ஆகவே 2002-ல் நகர நிர்வாகம், குறைந்த கட்டண நிறுவனம் ஒன்றுக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவதாக உறுதி கொடுத்து வரவழைத்தது. ஒரு நிறுவனம் விலையைக் குறைத்ததும் மற்றவையும் குறைத்தன. 2006-ல் மாநிலச் சட்டமன்றமே ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கத் தொடங்கியது. தனியார் நிறுவனத்துக்கு வரிப்பணமா என்ற எதிர்ப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆயினும், அந்த நிறுவனத்தில் ஒரு முறையும் ஏறாதவருக்கும் சீட்டு விலை குறைந்தது என்பதால், இதை ஊருக்குச் செய்த செலவாகவே நான் கணக்கில் வைப்பேன்.

விமான நிலையத்துக்கு ஐசன்ஹோவர் பெயர்; புதிய முனையம் 2015-ல் திறந்தது. பன்னிரண்டு வாயில்கள், நுழைவிலிருந்து கடைசி வாயிலுக்கு நிதானமாக நடந்தால் ஐந்தாறு நிமிடம். கட்டடம் அளவோடு இருக்கிறது என்பதே இதன் சிறப்பு.

வாடகைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர், நான் எங்கெல்லாம் போய்வந்தேன் என்று கேட்டார். பேச்சு தானாக ஜனவரி 29-க்குப் போனது. இங்கிருந்து கிளம்பிய விமானம் வாஷிங்டனில் இறங்கும் நேரத்தில் ராணுவ ஹெலிகாப்டருடன் மோதி, இரண்டிலும் இருந்த 67 பேரும் ஆற்றில் மாண்டார்கள். இங்கே நடந்த தேசியப் போட்டியையொட்டிய பயிற்சி முகாம் முடித்துத் திரும்பிய பனிச்சறுக்கு நடனச் சிறுவர்களும் அதில் இருந்தார்கள். தலைநகருக்கு நேரடி விமானம் வேண்டும் என்று இந்த ஊர் பல ஆண்டுகள் கேட்டு, செனட்டர் ஜெரி மோரனும் முயன்று, 2024 ஜனவரியில்தான் அது கிடைத்தது. ஓராண்டு அது ஊரின் பெருமையாக இருந்தது. அவர் துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் மடித்துப் போட்டார். "அன்று மாலை அவர்களுடைய கார்களையும் நாங்கள்தான் திரும்பப் பெற்றோம்" என்று மட்டும் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை.

இரவு வியட்நாமியக் கடையில் கோழி ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப், 14 டாலர். பச்சை மிளகாய் கேட்டதும் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார் கடைக்கார அம்மா. நான் சாப்பிடுவதை நின்று பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார்.

ஜூன் 7, சனி: புறப்பாடு

விமானம் குறித்த நேரத்துக்குக் கிளம்புகிறது. காற்று நேற்றைவிடக் குறைவு. அக்கா மகளிடமிருந்து செய்தி: ஹேஸில் ஆலங்கட்டி விழவில்லை, வயலெல்லாம் மஞ்சளாகிவிட்டது, அந்தக் கண் சிகிச்சை அம்மாள் இவளுடைய மருத்துவமனைக்குத்தான் மறுபரிசோதனைக்கு வந்தாராம்.

நவம்பரில் அக்காவை அழைத்துக்கொண்டு மறுபடி வருவதாக இருக்கிறேன். விச்சிட்டாவுக்கு எடுத்தால் ஆளுக்கு நாற்பது டாலர் மிச்சம் என்று காட்டியது. டென்வர் வழியாக ஹேஸுக்கே போகவர எடுத்துவிட்டேன். திரும்பும்போது இரண்டு பேர் அங்கே ஏறுவோம்.